முடுக்குப் பக்கத்து ஜன்னல்

“ஜன்னல் ஒண்ணுதாம்மா. மத்தபடி நல்லவங்கதான்.”

இதுதான் என் காதுல விழுந்தது. நான் ஒட்டுக்கேக்கலை. வீட்டை ஒட்டின சந்து, அந்த முடுக்குல கொடியில கிடந்த துணியை எடுத்துக்கிட்டு இருந்தேன். உள்ள என் மருமக செண்பகா அவ அம்மாகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தா. ஜன்னல் ஓரமா நின்னு பேசினா வெளிய இருக்கிறவ காதுல விழத்தானே செய்யும்? நீயே சொல்லு. துணி கொஞ்சந்தான். கிளிப்பு இறுக்கமா இருந்துது, அதனால எடுக்க நேரம் ஆயிட்டு.

‘மத்தபடி’. அந்த வார்த்தையை விட்டிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது.

நீ அந்த ஓரமா உக்காந்துக்கோம்மா, எனக்குக் காத்து ஆகாது. எங்க போறே, மதுரைக்கா? காலேஜ் முடிச்சாச்சா? சரி சரி. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிருவேன். எங்க அக்கா வீடு. அவளுக்கு முட்டுவலி. கொஞ்ச நாள் கூட இருந்துட்டு வரலாம்னு போறேன். கோவிச்சுக்கிட்டு எல்லாம் போகலை. தென்காசி பஸ் ஸ்டாண்டுல நீ என் பையையே பாத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துது, அதான் சொல்லுதேன். பை பெரிசா இருந்தா கோவிச்சுக்கிட்டுப் போறதா அர்த்தமா?

வைகாசியில கல்யாணம் நடந்தது. எனக்கு ஒரே மகன், சங்கரன். பேங்க்ல இருக்கான். பொண்ணு கோவில்பட்டி. வீட்டுல இருந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை பாக்குதா. நல்ல பொண்ணு. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். அடக்கமா பேசுவா, ஒரு சாமானைச் சத்தம் வர வைக்கமாட்டா. காலையில எந்திரிக்கத்தான் கொஞ்சம் நேரம் ஆகும். ராத்திரி வரைக்கும் வேலை பாக்கிற பிள்ளை, தூங்கட்டும். அதுக்கு நான் என்ன சொல்லப்போறேன்? எழுப்பிவிட்டாப் போச்சு.

எங்க வீடு பழைய மாடல். இரும்பு ஜன்னல். உள்பக்கம் கம்பி, கதவு வெளிப்பக்கமா தொறக்கும். கம்பிக்குள்ள கையை விட்டு, கைப்பிடியைப் பிடிச்சு இழுத்துத் திருப்பினா அதுல இருக்கிற நாக்கு சட்டத்துல போய் மாட்டிக்கிடும். முடுக்குப் பக்கம் ரெண்டு ரூம். ஒண்ணு எங்களுது, ஒண்ணு சங்கரனுது. சங்கரன் ரூம் ஜன்னல்ல கைப்பிடி தேஞ்சுபோய், திருப்பினா சும்மா சுத்தும். மாட்டாது. சாத்தி வச்சா சாத்தின மாதிரி இருக்கும், வெளிய இருந்து ஒரு விரலை விட்டு இழுத்தா வந்துரும். அவன் படிக்கிற காலத்துல இருந்து அப்படித்தான். அவன் படிக்கானா தூங்குதானான்னு பாக்க எவ்வளவு சௌகரியமா இருந்துது தெரியுமா? அதனால நான் அதை ஒரு குறையாவே நினைச்சதில்லை.

காலையில பால் வந்ததும் முதல் டிகாஷன்ல ரெண்டு டம்ளர் காபி போடுவேன். இப்போ நீ சொல்லு, புதுசா கல்யாணம் ஆனவங்க ரூம் கதவைப் போய்த் தட்டினா நல்லாவா இருக்கும்? ஒரு நாகரிகம் வேண்டாமா? அதனாலதான் நான் கதவுப் பக்கமே போகமாட்டேன். முடுக்கு வழியா சுத்தி வந்து, ஜன்னலை இழுத்துத் தொறந்து, கம்பிக்குள்ள டம்ளரை நீட்டிருவேன். “செண்பகா, காபி”ன்னு ஒரு குரல். வாங்கிக்கிட்டா வந்துருவேன். வாங்கலைன்னா இன்னொரு குரல். அவ்வளவுதான்.

உள்ள எல்லாம் பாக்கமாட்டேன். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கட்டில் எந்தப் பக்கம் கிடக்குன்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு நாள் அதைத் திருப்பிப் போட்டு வடக்க தலைமாடு வச்சிருந்தாங்க. அன்னைக்கு மட்டும், “ஏலே சங்கரா, வடக்க தலை வைக்கக்கூடாதுலே, எந்திரி”ன்னு சொன்னேன். சொல்லாம இருக்க முடியுமா? பெத்தவளாச்சே.

அந்தப் பிள்ளை முதல்ல ஒரு திரை தைச்சுப் போட்டா. கெட்டித் துணி, ஒரு காத்து உள்ள போகாது. நான் ஒண்ணும் சொல்லலை. கொடிக்கம்பால லேசா ஒதுக்கிட்டு காபியை நீட்டினேன். அப்புறம் ஒரு நாள் போய் இழுக்கேன், ஜன்னல் வரலை. பாத்தா, சேலைக்கரையைக் கிழிச்சு, கைப்பிடியையும் கம்பியையும் சேத்துக் கட்டி வச்சிருக்கா. எத்தனை முடிச்சு! காபி ஆறிப்போகுது, வெளிய நின்னுக்கிட்டு இடுக்குல விரலை விட்டு ஒவ்வொண்ணா அவுக்கேன். அவுத்துட்டு உள்ள பாத்தா, ரெண்டு பேரும் எந்திரிச்சு உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க. “முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க, ஒரு குரல் குடுத்தா என்ன?”ன்னு கேட்டேன். சங்கரன் தலையில கையை வச்சுக்கிட்டான். காலையிலேயே தலைவலி. ராத்திரி போன் பாத்தா வராம என்ன செய்யும்?

அன்னைக்கு மத்தியானம் செண்பகா அடுக்களைக்கு வந்தா. வெண்டைக்காயை நறுக்கிக்கிட்டே மெதுவா கேட்டா.

“அத்தை, எங்க ரூம் ஜன்னல் கைப்பிடியை மாத்திருவோமா?”

“மாத்திருவோம்மா. அதுக்கென்ன?”

“நானே ஆளைக் கூப்பிடட்டுமா அத்தை? நம்பர் வாங்கி வச்சிருக்கேன்.”

“நீ எதுக்கு? நம்ம வீட்டுக்குன்னு ஆசாரி இருக்காரு, குமரேசன். அவரு வரட்டும். கண்டவனையும் உள்ள விட முடியுமா?”

குமரேசனும் வந்தாரு. பாத்தாரு. “மதினி, இதுக்குப் பழைய கைப்பிடியைக் கழட்டிட்டுப் புதுசு போடணும், சின்ன வேலைதான்”னாரு. அப்போ ஆனி கடைசி. ரெண்டு நாள்ல ஆடி பிறக்குது. ஆடியில வீட்டுல புதுசா ஒண்ணைச் செய்யலாமா? “ஆவணி பிறக்கட்டும்”னு அனுப்பிட்டேன். செண்பகா கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. “கைப்பிடிக்குமா அத்தை ஆடி பாக்கணும்?”னு கேட்டா. கோவில்பட்டியில எல்லாம் பாக்கமாட்டாங்க போல.

எங்க சம்பந்தியம்மா ஆடிச்சீர் கொண்டுவந்து மகளைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கல்யாணம் ஆன முதல் ஆடி, பொண்ணு தாய் வீட்டுலதானே இருக்கணும். போகும்போது அந்தத் திரையையும் கழட்டி மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சா. “அதை எதுக்கும்மா கொண்டுபோறே?”ன்னு கேட்டேன். “துவைக்கணும் அத்தை”ன்னா. நம்ம வீட்டுல தண்ணி இல்லையா? அப்பவும் நான் ஒண்ணும் சொல்லலை.

அந்த ஆடி முழுக்கச் சாரல் காத்து. சங்கரன் தனியா படுத்திருக்கான், ஜன்னல் ராத்திரி பூராவும் டப்பு டப்புன்னு அடிக்குது. நான் போய்ப் போய் சாத்திட்டு வருவேன். போனா, முழிச்சுக்கிட்டு போன்ல பேசிக்கிட்டு இருப்பான். என்னைப் பாத்ததும் வச்சிருவான். “பேசுலே, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?”னு சொல்லிட்டு அங்கனயே கொஞ்ச நேரம் நிப்பேன். பேசவே மாட்டான்.

கடையநல்லூர் தாண்டிருச்சா? நீ பேசவே மாட்டியா பிள்ளே? நல்ல குணம். செண்பகாவும் இப்படித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைங்க மனசுல என்ன இருக்குன்னே தெரியமாட்டேங்குது.

ஆவணி பிறந்துது. நான் பாயாசம் வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். கூட்டிட்டு வரப்போன பயல் தனியா வந்து நிக்கான்.

“எங்கலே அவ?”

“கைப்பிடி மாத்தினதும் வாரேன்னு சொல்லுதா.”

“எந்தக் கைப்பிடி?”

“அம்மா.”

அவ்வளவுதான் சொன்னான். ‘அம்மா.’ சொல்லிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். நான் முடுக்கு வழியா போய், “பாயாசமாவது குடிலே”ன்னேன்.

மறுநாள் சம்பந்தியம்மா போன். “சின்ன விஷயம்தானே மதினி, அதை முடிச்சுட்டா பிள்ளையை நானே கொண்டுவந்து விட்டுருதேன். கூச்சப்படுற பிள்ளை மதினி”ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ஏதோ கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி. ஒரு கைப்பிடி வாங்கிப் போட வக்கில்லாத வீடு மாதிரி. போனை வச்சேன், செருப்பைப் போட்டேன், நேரா மைதீன் பாய் கடைக்குப் போனேன்.

“பாய், வீட்டுல எத்தனை ஜன்னல் உண்டோ அத்தனைக்கும் புதுக் கைப்பிடி வேணும். நல்லதா. வெள்ளி மாதிரி மின்னணும்”னேன்.

பாய் என்னைப் பாத்தாரு. “எல்லாமா கெட்டுப்போச்சு அக்கா?”

“கெட்டாத்தான் மாத்தணுமா?”

அடுக்களை, ஹால், பூஜை ரூம், படிக்கட்டுக்கு அடியில ஒரு சின்ன ஜன்னல் உண்டு, அதைத் தொறந்தே பல வருஷம் ஆகுது, அதுக்கும் சேத்துத்தான். பாய் ஒண்ணொண்ணா எடுத்து வச்சுக்கிட்டே கேட்டாரு, ஜன்னல் இந்தப் பக்கம் தொறக்குமா, அந்தப் பக்கம் தொறக்குமான்னு. இதுல இடது, வலதுன்னு இருக்காமே! எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். எங்க வீட்டுல எல்லாம் ஒரே பக்கம். முடுக்குப் பக்கம் இருக்கிற ரெண்டு ரூம் ஜன்னல் மட்டும் எதிர்ப்பக்கம். பாய் பெட்டியைக் கிண்டிப் பாத்துட்டு, “எதிர்ப்பக்கத்துக்கு ஒண்ணுதான் அக்கா இருக்கு. இன்னொண்ணு தீபாவளிச் சரக்கோட வரும்”னாரு.

“பரவாயில்லை பாய், அந்த ஒண்ணைக் குடுங்க”ன்னு வாங்கிட்டு வந்தேன்.

அதை எங்க ரூமுக்குப் போட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கே? எங்க ரூம்லதானே பீரோ இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குச் சளி பிடிக்கிற உடம்பு. பழைய கைப்பிடி நல்லாத்தான் மாட்டும், அது வேற விஷயம். ஆனா நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. இருந்த ஒண்ணை முதல் வேலையா சங்கரன் ரூமுக்குப் போட்டா, அவ கேட்டதுக்காகப் போட்ட மாதிரி ஆயிரும்லா? நாளைக்கு வேற ஒண்ணு கேப்பா. வீடு மொத்தத்துக்கும் போட்டுட்டு, கடைசியா அதுக்கும் போட்டா, அது நானா போட்டது. வித்தியாசம் இருக்கா இல்லையா?

ஆசாரி எல்லாத்தையும் மாட்டிட்டுப் போனதும் வீடே மின்னுது. ஒவ்வொரு ஜன்னலையும் போட்டோ எடுத்து செண்பகாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். படிக்கட்டுக்கு அடியில இருக்கிறதைக்கூட விடலை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பதில் வந்தது. ‘ரொம்ப நல்லா இருக்கு அத்தை. எங்க ரூம்?’

கை கூப்புற பொம்மை ஒண்ணை அனுப்பிட்டு விட்டுட்டேன்.

சங்கரன் என்ன செஞ்சான் தெரியுமா? அவனே ஆன்லைன்ல ஒரு கைப்பிடி வாங்கிட்டான். அவன் பேங்குக்குப் போன நேரமா பார்சல் வந்தது. பிரிச்சுப் பாத்தேன். கறுப்புக் கலர். வீடு பூரா வெள்ளியா மின்னுது, அந்த ஒரு ஜன்னல்ல மட்டும் கறுப்பா இருந்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அந்த ரூமை மட்டும் பிரிச்சு வச்ச மாதிரி இருக்காது? அவன் மனசு நோகக்கூடாதுன்னு அந்தப் பார்சல் தம்பியைக் கூப்பிட்டு நானே திருப்பி அனுப்பிட்டேன். சாயங்காலம் சொன்னேன். அவன் கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. “சரிம்மா”ன்னான். பாரு, பிள்ளை எவ்வளவு பக்குவம்!

பக்குவம்னு நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது தட்டைப் பாத்துக்கிட்டே சொல்லுதான்.

“இலஞ்சியில ஒரு வீடு பாத்திருக்கேம்மா. ரெண்டு ரூம். வர்ற ஒண்ணாம் தேதி போறோம்.”

“யாரு போறது?”

“நானும் செண்பகாவும்.”

ஒரே பிள்ளை. இவனுக்காகத்தானே இந்த வீடு? “ஒரு கைப்பிடிக்காகவாலே வீட்டை விட்டுப் போவே?”ன்னேன்.

“அந்த வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்துதும்மா”ன்னான். கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

எல்லாம் அந்த மைதீன் பாயால வந்தது. ரெண்டு வச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லவே இல்லையே. தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. வாயில்லாப் பூச்சி. வீட்டுல ஒரு ஆணி அடிச்சது கிடையாது. இவ்வளவு நடக்கே, ஒரு வார்த்தை பேசணுமே? பேப்பரை மடிப்பாங்க, விரிப்பாங்க. அன்னைக்குத்தான், சங்கரன் எந்திரிச்சுப் போன பிறகு, ரசத்தை ஊத்தச் சொல்லிட்டுக் கேட்டாங்க.

“ஏளா, நீ ஏன் ஜன்னல் வழியா காபி குடுக்கே?”

“வேற எப்படிக் குடுக்க? கதவைத் தட்டச் சொல்லுதீங்களா?”

“அதுக எந்திரிச்சு வந்து குடிச்சா என்ன?”

“ஆறிப்போயிருமே!”

ரசத்தைப் பிசைஞ்சாங்க. நானே சொன்னேன், “உங்க அம்மா என்ன செஞ்சாங்கன்னு மறந்துபோச்சா? நமக்குக் கல்யாணம் ஆன புதுசுல நம்ம ரூம் வாசப்படியிலதானே பாய் போட்டுப் படுப்பாங்க. நாம தண்ணி குடிக்க வெளிய வரணும்னாக்கூட அவங்களைத் தாண்டித்தான் வரணும். நான் என்னைக்காவது அந்த வாசப்படியில போய்ப் படுத்தேனா? அந்தப் பொண்ணு குடுத்து வச்சவ”ன்னேன்.

அவங்க சாப்பிடறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. ரசத்துல உப்புக் கூடிப்போச்சோன்னு நினைச்சேன்.

இது எந்த ஊரு, சிவகிரியா? அப்போ இன்னும் நேரம் இருக்கு. நேத்து நடந்ததைச் சொல்லிருதேன்.

நேத்துச் சாயங்காலம். சங்கரன் சாமான் ஏத்த வண்டி பேசப் போயிருக்கான். நான் அடுக்களையில இருக்கேன். எங்க ரூம்ல கரகரன்னு ஒரு சத்தம். எலியோன்னு போய்ப் பாத்தா, எங்க வீட்டுக்காரர் ஸ்டூல்ல ஏறி உக்காந்துக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஜன்னல் கைப்பிடியைத் திருகிக்கிட்டு இருக்காங்க. பக்கத்து வீட்டுல இரவல் வாங்கிட்டு வந்திருக்காங்க. நம்ம தையல் மிஷின் பெட்டிக்குள்ளேயே ஒண்ணு கிடக்கு, என்கிட்ட கேட்டா எடுத்துக் குடுக்கமாட்டேனா?

“என்ன செய்யுதீங்க? ஆசாரி போட்டது, இளக்கிராதீங்க”ன்னேன்.

ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்து கட்டிலுக்கு அடியில ஓடிப்போச்சு. இந்த வயசுல குப்புறப் படுத்துத் தேடி எடுத்தாங்க. கைப்பிடியைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நேரா சங்கரன் ரூமுக்குப் போனாங்க. நான் பின்னாலேயே போறேன். “நம்ம ஜன்னல் என்ன ஆகும்? பீரோ இருக்கு, உங்களுக்குச் சளி பிடிக்கும். தீபாவளிக்குச் சரக்கு வந்துரும்னு பாய் சொல்லியிருக்காரு”ன்னு சொல்லிக்கிட்டே போறேன். ரூமுக்குள்ள போனதும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. என் முகத்துக்கு நேராத்தான். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, என்னை வெளிய வச்சு ஒரு கதவைச் சாத்தினது கிடையாது.

நான் முடுக்கு வழியா சுத்தி வந்தேன். ஜன்னல் தொறந்துதான் கிடந்தது. பழைய கைப்பிடியைக் கழட்டி ஜன்னல் கட்டை மேல வச்சிருந்தாங்க. புதுசை வச்சுத் திருகுதாங்க. சட்டை பூரா வேர்வை. விரல்ல கீறி ரத்தம்கூட வந்துது. “மருந்து போடுங்க முதல்ல”ன்னேன். “விலகு”ன்னாங்க. அவ்வளவுதான் பேசினாங்க. நான் விலகினேன். கம்பிக்குள்ள கையை விட்டு ஜன்னலை உள்பக்கமா இழுத்துச் சாத்தினாங்க. நாக்கு போய் மாட்டுற சத்தம் கேட்டுது.

உள்ள இருந்து, “இழு”ன்னாங்க.

இழுத்தேன். வரலை.

“நல்லா இழு”ன்னாங்க.

ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். வரலை. நான் அங்கனயே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்தாங்க. ஸ்க்ரூ டிரைவரைப் பக்கத்து வீட்டுல திருப்பிக் குடுத்தாங்க. சங்கரனைக் கூப்பிட்டு வண்டி வேண்டாம்னு சொன்னாங்க. அப்புறம் கோவில்பட்டிக்கு, செண்பகாவுக்குப் போன் போட்டு, “காலையில எந்த பஸ்ல வாரேன்னு சொல்லும்மா, நான் ஸ்டாண்டுல வந்து நிக்கேன்”னு கேட்டாங்க. அதான் காலையில நானும் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன், அக்காவுக்கு முட்டுவலிதானே.